கிரீன்லாந்துக் குடில்களில் விவிலியக் கதைகள்

தரங்கம்பாடி என்றவுடன் சீகன்பால்கு ஐயரும், அவ்வூரில் 1715-இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. 1706-இல் இங்கு வந்திறங்கிய அவரை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் ஆவார். அருட்பணிகளைக் கண்காணிக்க அம்மன்னர் 1714-இல் கோபனேகனில் ஓர் அமைப்பை நிறுவினார். தரங்கம்பாடியைக் கண்காணித்த அவ்வமைப்பின் பொறுப்பில், நம் காவிரிக் கழிமுகத்துக்கு எவ்வகையிலும் ஒவ்வாத பனிநிலம் ஒன்றும் பின்னர் வந்து சேர்ந்தது. அதுவே கிரீன்லாந்து. பொதுமொழி ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு கதை எவ்வாறு வீடு புகுகிறது என்பதை அறிய, அந்நிலத்து வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

1721 சூலைத் திங்களில் ஹான்ஸ் எகெடெ என்னும் நார்வே நாட்டுக் குரு, மனைவி கெர்த்ருத் ராஸ்க்குடனும் நான்கு மக்களுடனும் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் இறங்கினார். பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்குக் குடியேறிய வடநாட்டாரின் வழித்தோன்றல்களைத் தேடியே அவர் சென்றார். அவர்களுள் ஒருவரும் அங்கு எஞ்சியிருக்கவில்லை. கடல்நாய் வேட்டையால் வாழ்ந்த இனுயிட் மக்களையே அவர் கண்டார். அவர்தம் மொழிக்கு அகராதி இல்லை, இலக்கணம் இல்லை, இடைநின்று மொழிபெயர்ப்பாருமில்லை.

அம்மொழியின் ‘கினா’ என்ற ஒரு சொல்லை ‘இது என்ன?’ என்னும் பொருளில் எகெடெ பற்றிக்கொண்டார். ஒவ்வொரு பொருளையும் சுட்டிக் ‘கினா’ என வினவி, விடையாக வந்த பெயரைக் குறித்துக்கொண்டார். குளிர்காலத்தில் தம் சிறுவர் இருவருடன் இனுயிட் குடும்பங்களோடு சென்று தங்கினார். கல்லாலும் புல்மண்ணாலும் எழுப்பிய தாழ்ந்த வீடு. கடல்நாய்க் கொழுப்பில் எரியும் விளக்கு. ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள். விருந்தினராக வந்த அயலாருக்கு அவர்கள் இடங்கொடுத்தனர். தந்தை ஏடும் எழுதுகோலுமாக இடர்ப்பட்ட மொழியை, மைந்தர் பவுலும் நீல்சும் அவ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே கற்றனர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு பள்ளிச் சிறாருடன் அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்தைப் பயின்றமை ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது.

சொல் போதாதவிடத்து ஓவியம் கைகொடுத்தது. மூத்தவனாகிய பவுல் விவிலியக் காட்சிகளைப் படமாக வரைந்தான். தந்தை அவற்றைக் காட்டித் தாம் அறிந்த சில சொற்களால் கதை சொன்னார். பிணியாளர் நலம்பெறுதலும் இறந்தோர் எழுதலும் அப்படங்களில் இருந்தன. அவற்றைக் கண்ட மக்கள் தங்கள் நோயாளிகளை எகெடெயிடம் அழைத்துவந்து, அவர்கள்மேல் ஊதுமாறு வேண்டினர். ‘அங்காக்கோக்’ எனப்படும் அவர்தம் பூசாரிமார் நோயாளியின்மேல் ஊதிப் பிணிநீக்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் அவர்கள். படம் கடல் கடந்து வந்தது. அதன் பொருளை வீட்டார் தங்கள் வழக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டனர். கேட்போர் வெறுங்கலம் அல்லர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. அவர்களும் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். ஞாயிறும் திங்களும் உடன்பிறந்தோர் என்னும் அவர்தம் தொல்கதையை எகெடெ தம் நூலில் பதிவுசெய்துள்ளார்.

ஆயினும் அவரை வெறும் அன்புருவாகக் காட்டுதல் வரலாறாகாது. பூசாரிமாரை அவர் கடிந்ததோடு அடித்ததும் உண்டு. அதனினும் பெரிய துன்பம் 1733-இல் வந்தது. டென்மார்க்கிலிருந்து கப்பலில் திரும்பிய கிரீன்லாந்துச் சிறுவன் ஒருவன் வழியாகப் பெரியம்மை பரவியது. முன்பின் அந்நோயை அறியாத குடியிருப்புகள் பல வெறிச்சோடின. கதை வந்த கடல்வழியே கொள்ளைநோயும் வந்தது. ஊதி நலப்படுத்துமாறு முன்பு வேண்டப்பட்டவரால் இப்போது நோயைத் தடுக்க இயலவில்லை. அவரும் கெர்த்ருத்தும் நோயுற்றோரைத் தங்கள் இல்லத்திலேயே கிடத்திப் பேணினர். ஒருகால் விருந்தோம்பிய மக்கள், இப்போது விருந்தினரின் வீட்டில் விருந்தாயினர். உடல்நலம் குன்றிய கெர்த்ருத் 1735-இல் மறைந்தார். மறு ஆண்டு எகெடெ ஊர் திரும்பினார்.

படம் வரைந்த பவுல் வளர்ந்து, தாமும் அருட்பணியாளராகி, கிரீன்லாந்து மொழிக்கு அகராதியும் இலக்கணமும் இயற்றினார். 1766-இல் புதிய ஏற்பாட்டை அம்மொழியில் வெளியிட்டார். கோதுமை விளையாத, ஆடு மேயாத நிலத்தில் அப்பத்தையும் மேய்ப்பனையும் எச்சொல்லால் சொல்வது? அம்மொழிபெயர்ப்புப் பணியில் அவருக்குத் துணைநின்றவர் அர்னார்சாக் என்னும் இனுயிட் பெண்மணி. நூலின் முகப்புப் பெருமை பவுலுக்குரியது. சொல்லின் உயிர் அப்பெண்மணியின் செவியைக் கடந்து வந்தது.

2020-இல் தலைநகர் நூக்கில் எகெடெயின் சிலைமீது செஞ்சாயம் பூசப்பட்டது. சிலை இருக்கலாமா என ஊராரிடம் வாக்கெடுப்பும் நடந்தது. இருக்கட்டும் என்றே பெரும்பான்மையோர் கூறினர். அவ்வழக்கில் தீர்ப்புரைக்க நாம் யார்? நாம் கேட்கத்தக்க வினா வேறு. அன்று ‘கினா’ என்ற அயலானுக்குச் சலியாமல் விடை கூறியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் பெயரோடு நமக்குத் தெரிபவர் மிகச் சிலரே.

நம் வட்டத்தில் மொழிபெயர்ப்போர் பலர் உளர். பிறமொழிக் கவிதை ஒன்றைத் தமிழுக்குக் கொணரும்போது, நாமும் ஒரு வீட்டின் திண்ணையில் நின்று ‘இது என்ன?’ என்று கேட்பவர்களே. விடை சொன்னவரின் பெயரையும் நூலில் எழுதிவைப்போம். விருந்துண்டவர் வீட்டாரை மறவாதிருத்தல் தமிழ் மரபு; மொழிபெயர்ப்புக்கும் அதுவே அறம்.