சட்ராஸ் கோட்டையில் நடந்த பஞ்சாயத்து

கோபன்ஹேகன் போய்வந்த நண்பர் படங்களைக் காட்டிட்டு, "சென்னைக்குப் பக்கத்துல நமக்கு இந்த மாதிரி என்னய்யா இருக்கு?"ன்னு கேட்டார். ஏரிக்குள்ள நிக்கிற ஃப்ரெடரிக்ஸ்போர்க் அரண்மனைப் படம் அது. அதைக் கட்டின டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன் காலத்துலதான், 1620ல், நம்ம தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையும் எழுந்தது. அங்கே ராஜா குடியிருந்தார், இங்கே கம்பெனிச் சரக்கு குடியிருந்தது!

மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற சதுரங்கப்பட்டினம் கோட்டையும் அந்த ரகம்தான். வெள்ளைக்காரன் வாயில் சட்ராஸ். டச்சுக்காரங்க இந்தப் பக்கத்து நெசவுத் துணியை வாங்கிக் கப்பல் ஏற்றின இடம். செங்கல் மதில், கிடங்குகள், உள்ளேயே ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். கல்லறைப் பலகைகளில் உள்ள செதுக்கு வேலையை நின்னு பாருங்க, அவசரப்படாதீங்க.

எனக்கு இந்த இடம் முக்கியமாப் படுவதற்குக் காரணம் வேற. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச இங்கேதான் கூடினாங்க. டச்சு ஊர், ரெண்டு பேருக்கும் பொது இடம். பேச்சு எதைப் பத்தி? கர்நாடகத்துக்கு யார் நவாப் என்பதைப் பத்தி! முகமது அலியை ஒத்துக்கணும்னு ஆங்கிலேயர் பிடிவாதம். தனக்குத்தான் அதிகாரம்னு சொல்லி தூப்ளே தரப்பு பாதுஷா சாசனங்களைக் காட்டியது. அது செல்லுமான்னு இவங்க சந்தேகப்பட, பேச்சு முறிஞ்சுபோச்சு. அதே வருஷம் தூப்ளேயை பிரான்சு திருப்பி அழைச்சுக்கிட்டது. யோசிச்சுப் பாருங்க... வழக்காடினது ரெண்டு கம்பெனி, திண்ணை கொடுத்தது மூணாவது கம்பெனி. வழக்கோ செங்கல்பட்டு, ஆற்காடு, திருச்சி ஜனங்க யாருக்கு வரி கட்டணும் என்பது.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான், 1752ல், கிளைவ் கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுத் தரப்பிடமிருந்து பிடிச்சிருந்தான். செங்கல்பட்டுக் கோட்டைக்குள்ள பிறகு ரயில் பாதையே போட்டுட்டாங்க. மிச்சம் இருக்கிற சுவரைத் தேடித்தான் பார்க்கணும்.

சட்ராஸும் தப்பலை. 1781ல் ஆங்கிலேயர் கைப்பற்றினாங்க. 1782 பிப்ரவரி 17ல் இதே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேய ஹியூஸும் பீரங்கியால் மோதினாங்க. கடைசியா 1824 லண்டன் ஒப்பந்தத்தில் இந்தியாவில் டச்சுக்காரங்களுக்கு இருந்ததெல்லாம் பிரிட்டிஷார் கைக்குப் போச்சு.

கோட்டை இப்போ தொல்லியல் துறை வசம். போறவங்க அப்படியே தெற்கே கடப்பாக்கம் வரை போய் ஆலம்பரையையும் பார்த்துடுங்க. 1760ல் ஆங்கிலேயர் இடிச்சது போக மிச்சம் அங்கே கழிமுகத்தோரம் நிக்குது. அதைப் பத்தித் தனியா எழுதறேன்.