காட்டுப்பள்ளி – பழவேற்காடு கடலோரம்

காட்டுப்பள்ளி – பழவேற்காடு கடலோரம், சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்த கடற்கரைப் பகுதி. எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பழவேற்காடு முகத்துவாரம் வரை நீளும் இந்த ஒடுங்கிய மணல்திட்டுக்குக் கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் எல்லைகள். சென்னைக்குப் புதிதாகக் குடிவருவோர் பெரும்பாலும் மெரினா, மாமல்லபுரம் எனத் தெற்கு நோக்கியே செல்கின்றனர். வடக்கே சென்றால் துறைமுகம், டச்சுக்காரர் கல்லறைகள், பறவைகள், மீன்பிடிக் குப்பங்கள் ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்.

நிலமும் நீரும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் உள்ளன. ராக்கெட் ஏவுதளம் அமைந்த ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஆற்று வரத்து குறையும் மாதங்களில் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோவதுண்டு. அப்போது இறால் குஞ்சுகள் உள்ளே வரும் வழி அடைபடுவதால் ஏரியை நம்பியுள்ளோரின் வருமானம் சரிகிறது.

வரலாறு

விஜயநகரப் பேரரசின் காலத்தில் பழவேற்காடு பெயர்பெற்ற துறைமுகம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் இங்கு வந்தனர். அவர்களைத் தொடர்ந்து வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தன் தலைமையிடமாக்கியது. இங்கிருந்து சென்ற துணிக்கு மாற்றாகத் தென்கிழக்காசியத் தீவுகளின் நறுமணப் பொருள்கள் வாங்கப்பட்டன. அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியபின் ஊரின் செல்வாக்கு தேய்ந்தது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் 1824இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி மறு ஆண்டு ஊர் ஆங்கிலேயர் வசமானது.

பார்க்க வேண்டிய இடங்கள்

டச்சுக் கல்லறைத் தோட்டம்: நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் குலச் சின்னங்களையும் டச்சு எழுத்துகளையும் காணலாம். இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது.

கெல்திரியா கோட்டை: புதர் மூடிய மேடும் அகழியின் தடமுமே எஞ்சியுள்ளன.

வழிபாட்டிடங்கள்: போர்த்துகீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா தேவாலயம், ஆதிநாராயணப் பெருமாள் கோயில், தொழுகை நேரம் அறிய நிழற்கடிகாரம் வைத்த பள்ளிவாசல் ஆகியவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன. பொன்னேரியிலிருந்து வரும் வழியில் திருப்பாலைவனம் சிவன் கோயில் உள்ளது.

பறவைகள் சரணாலயம்: தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கி.மீ. பரப்பு 1980இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியில் ஆழம் குறைவு என்பதால் பூநாரைகள் நின்றபடியே இரை தேடுகின்றன. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை ஆகியவையும் வருகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை பார்க்க ஏற்ற காலம்.

கலங்கரை விளக்கம்: ஊரிலிருந்து பாலம் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் சென்றால் கடற்கரையையும் முகத்துவாரத்தையும் காணலாம்.

குப்பங்களின் வாழ்வு

ஏரியில் வலை போடும் உரிமை ‘பாடு’ என்னும் முறையால் பங்கிடப்படுகிறது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள், இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் சுத்துவலை கட்ட முறைவைத்துக்கொள்கின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி இந்த ஏற்பாடு காக்கிறது. இருளர்கள் நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். இறால், நண்டு, மடவை ஆகியவை முக்கிய வரவு. முஸ்லிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் ஊரின் கைவினை. வாங்கிச் செல்ல ஏற்றவை.

தெற்கே காட்டுப்பள்ளியில் நிலம் வேறு முகம் காட்டுகிறது. 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் வேறிடம் மாற்றப்பட்டனர். 2018இல் அதானி குழுமம் வாங்கிய துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை, கரை அரிப்பும் ஏரிக்குக் கேடும் நேரும் எனக் கூறி மீனவர்கள் எதிர்த்து வருகின்றனர். துறைமுக வளாகத்துக்குள் பார்வையாளர் நினைத்தபடி செல்ல முடியாது; சாலையிலிருந்து காண்பதோடு சரி.

செல்லும் வழி, கவனிக்க வேண்டியவை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில், காட்டுப்பள்ளிக்கு மீஞ்சூரிலும் பழவேற்காட்டுக்குப் பொன்னேரியிலும் இறங்க வேண்டும். பொன்னேரியிலிருந்து பேருந்து உண்டு. சாலை வழியே பழவேற்காடு சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. காலையிலேயே சென்றால் மீன் இறங்குவதையும் ஏலத்தையும் பார்க்கலாம்.

2011 டிசம்பர் 25 அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகு சவாரி தடை செய்யப்பட்டது. மீன்பிடிப் படகில் ஏற்றிச்செல்ல யாரேனும் முன்வந்தாலும் மறுப்பதே நல்லது. முகத்துவாரத்தில் நீரோட்டம் கடுமையாக இருக்கும். அங்கே குளிக்க இறங்கக் கூடாது. காயவைத்த வலைகளை மிதிக்காமலும், வலை கட்டிய இடங்களில் குறுக்கிடாமலும் நடந்துகொள்வது குப்பத்து மக்கள் விருந்தினரிடம் எதிர்பார்க்கும் மரியாதை.