ஓய்வுக்குப் பதிலாகக் கிடைத்த இரண்டு ஆண்டுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கணக்குப்படி நான் 2020 மே 31 அன்று ஓய்வு பெற்றிருக்க வேண்டும். 58 வயது. அந்த மே மாத முதல் வாரத்தில் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. அடுத்த பிப்ரவரியில் 60 ஆக்கியது. ஆக, எனக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. சமூக அறிவியல் நடத்தியே வாழ்நாளைக் கழித்தவனுக்கு அது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி நாட்கள் பள்ளியில் பிள்ளைகளே இல்லை. வருகைப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக வெற்றுக் கட்டங்கள்.

எத்தனையோ கொள்ளைநோய்களைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒன்றுக்குள் நாமே வாழ்ந்தபோது என்ன நினைத்தோம், என்ன பேசினோம் என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? என் பங்குக்கு இது.

முதலில் தேதிகள். நமக்கே மறந்து போய்விட்டன. 2020 மார்ச் 16 அன்று, மறுநாள் முதல் மார்ச் 31 வரை பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவித்தார்கள். பிளஸ் டூ தேர்வு மட்டும் மார்ச் 24 வரை நடந்தது. கடைசித் தேர்வுக்குப் பேருந்து கிடைக்காமல் வர முடியாத பிள்ளைகளுக்கு ஜூலை 27 அன்று மறுபடி வைத்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 27 அன்று தொடங்க வேண்டியது. அது ஜூன் 1 ஆகி, ஜூன் 15 ஆகி, ஜூன் 9 அன்று ரத்தானது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகையையும் வைத்துத் தேர்ச்சி பெற்றார்கள். பதினைந்து நாள் விடுமுறை என்று பூட்டிய பள்ளி, பத்து மாதம் கழித்து, 2021 ஜனவரி 19 அன்று, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் திறந்தது.

அந்தப் பத்து மாதத்தில் ஆசிரியர்கள் என்ன பேசினோம்? "பெற்றோருக்கு அக்கறையே இல்லை. அனுப்பும் பாடத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை." பெற்றோர் என்ன பேசினார்கள்? "வாத்தியாருங்களுக்கு என்ன, வீட்டுல உட்கார்ந்தே சம்பளம்." டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது. எங்களுக்குச் சம்பளம் வந்தது. தனியார் பள்ளிகளில் வேலை பார்த்த எத்தனையோ ஆசிரியர்கள் பாதிச் சம்பளத்திலும், சம்பளமே இல்லாமலும் காய்கறி விற்கப் போனார்கள்.

நானும் பெற்றோர் பக்கம் நின்றவன்தான். என் மகளின் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படித்தார்கள். பள்ளி திறக்காமலே கட்டணம் கேட்கிறார்களே என்று வீட்டில் தினமும் பேச்சு. சென்னை உயர் நீதிமன்றம் 75 விழுக்காடு கட்டணத்தை, முதலில் 40, பிறகு 35 என்று தவணையாக வாங்கிக்கொள்ள அனுமதித்தது. அன்று மாமனாராக நான் பேசிய பேச்சை ஒரு பள்ளி நிர்வாகி கேட்டிருந்தால் அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் வடமாவட்டத்துக் கிராமம். கல்வித் தொலைக்காட்சி இருந்தது. அதைக் கொரோனாவுக்காகத் தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டார்கள். அதோடு நாங்களும் வாட்ஸப் குழு வைத்துப் பாடம் அனுப்பினோம். நான் தினமும் காலை சரியாகப் பத்து மணிக்கு அனுப்புவேன். பள்ளி நேரம் அல்லவா! பன்னிரண்டு மணிக்குள் விடை வர வேண்டும் என்று விதி வேறு. 38 பேரில் ஒன்பது பத்துப் பேர்தான் விடை அனுப்புவார்கள். மற்றவர்களைப் 'பொறுப்பில்லாதவர்கள்' என்று ஆசிரியர் குழுவில் எழுதினேன்.

செப்டம்பரில் சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி, பருப்பை வாங்க வந்தார் ஒரு மாணவனின் அம்மா. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கணவர் கட்டட வேலை. வரிசையில் நின்றவரிடம், "ஏம்மா, உங்க பையன் ஒரு நாள்கூடப் பதில் அனுப்பலையே" என்றேன். சத்தமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"போனு அவங்க அப்பாகிட்ட இருக்குது சார். அவரு வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவாரு. நீங்க பத்து மணிக்கு அனுப்புறது எங்க வீட்டுக்கு எட்டு மணிக்குத்தான் சார் வரும்" என்றார்.

மூன்று மாதமாக எனக்கு இது தோன்றவே இல்லை. மறுநாளிலிருந்து இரவு எட்டரைக்கு அனுப்பினேன். விதியை எடுத்துவிட்டேன். அந்த வாரமே 22 பேர் விடை அனுப்பினார்கள். பாடமும் அதுதான், பிள்ளைகளும் அவர்கள்தான்.

அந்த அம்மா அன்று இன்னொன்றும் கேட்டார். "வாரத்துல ஒரு நாள் எங்க தெரு மாரியம்மன் கோயில் திண்ணையில வந்து உட்காருவீங்களா சார்? நீங்க எதிர்ல இருந்தா படிப்பான்." நான் போகவில்லை. சர்க்கரை நோய், வயது, வீட்டில் பயம், கூட்டம் கூட்டக் கூடாது என்ற உத்தரவு எல்லாம் உண்மைதான். அதே நேரத்தில் என்னைவிட இளைய ஆசிரியர்கள் சிலர் மரத்தடியில் ஐந்தாறு பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்கார வைத்து நடத்தினார்கள் என்பதும் உண்மை.

ஓய்வு பெற்ற பிறகு பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். இதற்கு முன்னால் இப்படி நடந்ததா என்று பார்க்கத்தான். நடந்திருக்கிறது. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பள்ளி திறப்பைத் தள்ளிவைத்தார்கள். வானொலி நிலையங்கள் இலவசமாக நேரம் கொடுக்க, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் நடத்தினார்கள். எந்தப் பாடம் எந்த நேரம் என்று காலைப் பத்திரிகையில் அச்சாகும். அங்கேயும் வானொலி இல்லாத வீடுகள் இருந்தன. ஒலி சரியாகக் கேட்காத பகுதிகள் இருந்தன. 83 ஆண்டு கழித்து நமக்கு 'சிக்னல் இல்லை சார்'.

அந்தச் சிகாகோ கதையில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, பெற்றோர் கூப்பிட்டுக் கேட்பதற்கென்றே ஒரு தொலைபேசி வைத்து, பதில் சொல்ல ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். நாங்கள் அனுப்பினோம், அனுப்பினோம், அனுப்பிக்கொண்டே இருந்தோம். கேட்கவில்லை. இரண்டாவது, அந்த வானொலிப் பாடம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. நம் ஊரிலும் கடைசியில் வந்தவர்கள் அவர்கள்தான். பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்கு முதலில் கதவு திறந்தது. ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. 2020 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை, ஒன்றாம் வகுப்பு அறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. பிறகு மாலையில் தெருவிலேயே சொல்லிக்கொடுக்க 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது; ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அந்த அம்மா என்னிடம் கேட்ட திண்ணை, ஓராண்டு கழித்து அரசுத் திட்டமாகவே வந்தது என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். 2021 ஜனவரியில் பள்ளி திறந்ததும் நான்கு நாள் வந்தான். மீசை அரும்பியிருந்தது. கை காய்த்திருந்தது. ஐந்தாம் நாள் வரவில்லை. அப்பாவோடு கலவை போடப் போய்க்கொண்டிருந்தவன், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். பிப்ரவரி 25 அன்று 9, 10, 11 வகுப்புகளுக்குத் தேர்வு இல்லாமலே அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி என்று மட்டும் இருந்தது.

அதை வாங்கவும் அந்த அம்மாதான் வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மார்க்கு எங்க சார் இருக்குது?" என்றார். இந்த வருடம் யாருக்கும் போடவில்லை என்றேன். "அப்ப எம்புள்ள எவ்வளவு படிப்பான்னு யாருக்குமே தெரியாது இல்ல சார்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அக்கறை இல்லாத பெற்றோர் என்று நான் எழுதியது இவரைத்தான்.

அப்போது எடுத்த முடிவுகள் தவறு என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் அலையில் எங்கள் ஊரில் பார்த்த சாவுகளை மறக்க முடியாது. பள்ளியை மூடியதற்கு நியாயம் இருந்தது. மூடிய பிறகு வீட்டில் என்ன நிலைமை என்று கேட்காமல் இருந்ததற்கு நியாயம் இல்லை. அதற்குப் பெரிய திட்டமோ பணமோ வேண்டியதில்லை. "உங்க வீட்டுல போன் எத்தனை மணிக்கு இருக்கும்?" என்ற ஒரு கேள்வி போதும்.

இப்போது பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மழை, வெள்ளம், நோய் என்று இன்னொரு முறை பள்ளி மூடத்தான் போகிறது. அன்று பாடம் அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். சின்ன வகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

அந்த ஆண்டுகளில் உங்கள் வீட்டில், உங்கள் பள்ளியில் என்ன நடந்தது? ஆசிரியர்களும் எழுதுங்கள், பெற்றோரும் எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள். பதிவேட்டில் வெறுமையாக இருக்கும் கட்டங்களை வேறு எப்படி நிரப்புவது?