ஏழைக்கு எட்டிய ரைபிள்



நம் தோட்டப் பகுதிகளில் கிராணிமார்களும் கடைக்காரர்களும் ஒரு காலத்தில் ஓட்டிய சைக்கிள்களில் பி.எஸ்.ஏ. சைக்கிளும் ஒன்று. அதன் முத்திரையை உற்றுப் பார்த்தவர்கள், மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். சைக்கிளுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு? பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கிக் கம்மியர்கள் 14 பேர் கூடி 1861ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுதத் தொழிற்சாலை அது. சைக்கிள் வேலை 1880இல்தான் அங்கே நுழைந்தது. அந்தத் தொழிற்சாலையும் அதைப் போன்ற பிறவும் தொழிலாளிகளுக்காகச் செய்து கொடுத்த ஒரு சிறு ரைபிளின் வரலாற்றைத்தான் நாம் இன்று பார்க்கப் போகிறோம்.

ரைபிள் என்றதுமே நம் பெரியவர்களுக்கு 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும், தோட்டத்து முள்வேலியோரம் காவல் நின்றவர்களின் தோளில் தொங்கிய .303 துப்பாக்கியும் நினைவுக்கு வரும். நாம் பேசப்போவது அதைப் பற்றியன்று. இது அட்டையில் வரைந்த வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே அமைந்தது. (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலும் அது பெருங்குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லி வைப்போம்.)

ரைபிளின் குழலுக்குள்ளே திருகாணியின் புரி போல வரிப்பள்ளங்கள் இருக்கும். அவற்றின் வழியே ரவை சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் ரவையும் தள்ளாடாமல் போகிறது. ஆனால் ஒரு தடவை வட்டத்தின் நடுவில் பட்டுவிட்டால் அது நல்ல ரைபிள் ஆகிவிடாது. பத்துத் தடவை சுட்டால் பத்தும் ஒரே இடத்தில் விழவேண்டும். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் பட்டை அளவாகவும் மறுநாள் மரத்தில் காயம் படும்படியாகவும் வெட்டுகிற கத்தியை யாரும் நல்ல கத்தி என்று சொல்லமாட்டார்கள்.

இப்படி ஒரே சீராகச் சுடும் ரைபிள் முதலில் பணக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 1860ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் நடந்த முதல் தேசியப் போட்டியை விக்டோரியா மகாராணியார் தொடங்கி வைத்தார். இரும்புத் தாங்கியில் பொருத்தி வைத்திருந்த விட்வொர்த் ரைபிளின் விசையோடு பட்டுக்கயிறு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மகாராணியார் அந்தக் கயிற்றை இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கில், நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் ரவை பட்டது. பலே என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அந்த விட்வொர்த் ரைபிளின் விலை, சிப்பாய்க்குக் கொடுத்த என்ஃபீல்டு துப்பாக்கியின் விலையைப் போலப் பல மடங்கு. அதோடு, நூற்றுக்கணக்கான கஜம் வெற்று நிலமும் அங்கே போய்வர நேரமும் உள்ளவர்களுக்கே அந்த விளையாட்டு. சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அதில் என்ன வேலை?

நிலைமையை மாற்றியது ஒரு போர். 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் குடியானவர்களோடு பிரிட்டன் போரில் இறங்கியது. அந்த டிசம்பரில் ஒரே வாரத்திற்குள் மூன்று இடங்களில் பிரிட்டிஷ் படைக்குத் தோல்வி. மூன்றாவது இடமான கொலென்சோவில் பட்ட காயத்தால் லார்ட் ராபர்ட்ஸின் ஒரே மகன் மாண்டார். ராபர்ட்ஸ் வேறு யாருமல்லர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர்தான். போயர்கள் சிறுவயது முதலே துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள். பிரிட்டிஷ் நகரவாசிகளோ அதைத் தொட்டறியாதவர்கள். அவசரமாகத் திரட்டிய குதிரைப்படைத் தொண்டர்களுக்குக் கொடுத்த லீ-என்ஃபீல்டு ரைபிள்களின் குறிமுள்ளே பிசகாக இருந்தது. 500 கஜத்தில் சுட்டால் ரவை 18 அங்குலம் வலப்புறம் தள்ளிப் போனதாம்.

போர் முடியுமுன்பே, 1901இல், 'தொழிலாளர் ரைபிள் கழகங்களின் சங்கம்' அங்கே பிறந்தது. ராபர்ட்ஸ் அதற்குப் பெருந்துணையாக நின்றார். 1903இல் அது வேறொரு சங்கத்தோடு இணைந்து 'சிறு ரைபிள் கழகங்களின் சங்கம்' என்று பெயர் பெற்றது. சங்கத்தாரின் யோசனை எளியது. பெரிய ரைபிளுக்குப் பதிலாக, 5.6 மில்லிமீட்டர் குழல் கொண்ட .22 ரைபிளை எடுத்துக்கொண்டார்கள். 1887இல் அமெரிக்காவில் வந்த அதன் சின்னத் தோட்டா மிகமிக மலிவு. சத்தமும் உதைப்பும் குறைவு. 25 கஜ நீளமுள்ள ஒரு கொட்டகை போதும். மழையானாலும் இருட்டானாலும் வேலை முடிந்து வந்தவர் விளக்கு வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு சுடலாம்.

அப்படியும் ஆளுக்கு ஒரு ரைபிள் வாங்க முடியவில்லை. 1899இல் யார்க் நகரில் கணக்கெடுத்த ரவுண்ட்ரி என்பவர், ஐந்து பேர் கொண்ட குடும்பம் உயிர்வாழவே வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் தேவை என்றும், அதுகூடக் கிடைக்காத குடும்பங்கள் ஏராளம் என்றும் எழுதினார். ஆகவே கழகம் ரைபிள் வாங்கி வைக்கும். உறுப்பினர்கள் மாறி மாறி எடுத்துச் சுடுவார்கள். பொதுப் பணத்தில் வாங்குவதால் எதை வாங்குவது என்ற வாதமும் கடுமையாகவே இருந்திருக்கும்!

இராணுவ அலுவலகம் தன் பங்குக்கு ஒரு மாதிரியைக் குறித்துக் கொடுத்தது. அதை பி.எஸ்.ஏ. முதலான தொழிற்சாலைகள் 1906 வாக்கில் செய்து விற்றன. படைத்துறை ரைபிளைப் போலவே தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா போடும் அமைப்பு அது. சிப்பாய்ப் பயிற்சிக்கு ஏற்றதுதான். ஆனால் அட்டையில் புள்ளி சேர்க்க விரும்பியவர்கள் நாளடைவில் மார்ட்டினி என்ற பழைய அமைப்பின் பக்கம் சாய்ந்தார்கள். 1871இல் படைக்கு வந்து, பின்னர் காலங்கடந்து போன அமைப்பு அது. அடியிலுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் குழலின் பின்வாய் திறக்கும். அதில் என்ன சிறப்பு? விசையை அழுத்திய கணத்துக்கும் தோட்டா வெடிக்கும் கணத்துக்கும் இடையே ஒரு சிறு நேரம் உண்டு. அதற்குள் கை நடுங்கினால் குறி தவறிவிடும். மார்ட்டினியில் அந்த நேரம் மிகக் குறைவு. முதல் உலகப் போருக்குச் சற்று முன் வந்த பி.எஸ்.ஏ. 12ஆம் எண் ரைபிள் இந்த வகையைச் சேர்ந்தது. ஆடம்பரம் எதுவும் இல்லை. நேர்த்தியான குழல், கண்ணுக்கருகே சிறு துளை வைத்த குறிகாட்டி, அவ்வளவுதான். துளை வழியே பார்க்கும் கண் தானாகவே அதன் நடுவைத் தேடிக்கொள்ளும் என்பதால் புதியவர்களுக்கும் அது உதவியது.

கையில் காசு குறைந்தவர்கள் பழைய ரைபிளைத் தேடினார்கள். அங்கே ஓர் ஆபத்து இருந்தது. அந்நாளைய .22 தோட்டாவின் வெடிமருந்துக் கசடு குழலை அரித்துவிடும். சுட்ட அன்றே துடைக்காவிட்டால் துருப்பிடித்துப் பள்ளம் விழும். அதனால் மரக்கட்டையின் மெருகைப் பார்த்து மயங்காமல், குழலை வெளிச்சத்தில் பிடித்து உட்புறத்தைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். அரித்துப்போன குழலைத் துளைத்து, உள்ளே புதிய எஃகுக் குழாயைச் செருகிக் கொடுக்கும் வேலையைப் பர்மிங்காமின் பார்க்கர் நிறுவனம் செய்து வந்தது. புது ரைபிளின் விலை இல்லாமலே பழையது புத்துயிர் பெற்றது. 1920களின் பிற்பகுதியில் அரிக்காத தோட்டா வந்த பிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது. இன்னொன்றையும் கற்றார்கள்: ஒரே ரைபிள் ஒருவகைத் தோட்டாவை ஒன்றாகச் சேர்க்கும், வேறுவகையைச் சிதறடிக்கும். எனவே பலவகையை வாங்கிச் சுட்டுப் பார்த்து, ஒத்துவந்ததையே தொடர்ந்து வாங்குவது வழக்கமாயிற்று.

இத்தனை அக்கறையும் தொழிலாளியின் பொழுதுபோக்குக்காகவா? அப்படிச் சொன்னால் அது வரலாறு ஆகாது. போயர் போருக்கு மான்செஸ்டரில் முன்வந்த 11,000 பேரில் 8,000 பேர் உடல்தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டதாக அக்காலத்தவர் எழுதினார்கள். தொழிலாளியின் ஒட்டிய வயிற்றைக் காணாத பெரிய மனிதர்கள், அவன் கண்ணும் கையும் குறிக்குப் பழகவேண்டும் என்பதில் மட்டும் முந்திக்கொண்டார்கள். 1914இல் மீண்டும் போர் வந்தது. கழகங்களில் அட்டையைச் சுட்டுப் பழகியவர்கள் பிரான்ஸ் நாட்டுப் பதுங்குகுழிகளில் மனிதர்களுக்கு எதிரே நின்றார்கள். ராபர்ட்ஸும் அந்த நவம்பரில் பிரான்ஸில் படைகளைப் பார்க்கச் சென்ற இடத்தில் காலமானார்.

ஆனாலும் விளையாட்டு விளையாட்டாகவே நிலைத்தது. 1930இல் பிஸ்லி மைதானத்தில் அரசர் பரிசுப் போட்டி நடந்தது. அதில் எல்லோரும் படைத்துறை மாதிரி ரைபிளால்தான் சுடவேண்டும். பணத்தைக் கொட்டிச் சிறப்பாகச் செய்வித்த துப்பாக்கிக்கு இடமில்லை. அந்தப் பரிசை முதன்முதலாக ஒரு பெண் வென்றார். மார்ஜரி ஃபாஸ்டர் என்ற அவர் கோழிப்பண்ணை நடத்தி வந்தவர். அவர் எடுத்தது 280 புள்ளி. அடுத்து வந்த இராணுவ அதிகாரி எடுத்தது 279.

கழகங்களின் சங்கம் 1947இல் தேசியச் சிறுகுழல் ரைபிள் சங்கம் எனப் பெயர் மாறியது. பி.எஸ்.ஏ. தன் சைக்கிள் பிரிவை 1957இல் ராலே நிறுவனத்துக்கு விற்றது. 1973இல் தாய் நிறுவனமே நொடித்தது. ஒலிம்பிக் மேடைகளில் ஜெர்மன் ரைபிள்கள் முன்னுக்கு வந்துவிட்டன. ஆயினும் பிரிட்டனின் சிறு கழகங்கள் பலவற்றில், பழைய பி.எஸ்.ஏ. மார்ட்டினி ரைபிள் அலமாரியில் இன்னும் இருக்கிறது. புதிதாகச் சேரும் சிறுவர் சிறுமியர் பலருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்படுவது அதுதான்.