மூலச்சுவடியும் மூலநாடாவும்: எழுபதுகளின் ஜாஸ் மறுவெளியீடுகளை வாசித்தல்

1963ஆம் ஆண்டு டியூக் எலிங்டனின் இசைக்குழு, அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில், மேற்காசியாவிலும் தெற்காசியாவிலும் நீண்ட பயணம் மேற்கொண்டது. டெல்லி, ஹைதராபாத், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்கள் அதன் வழியில் இருந்தன. அப்பயணத்தின் விளைவாக இன்று நாம் கேட்பது 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' என்னும் இசைத்தட்டு. அது 1966 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவாகி, 1967இல் வெளிவந்தது. ஹைதராபாத்தின் அரங்கில் ஒலித்தது வேறு. மூன்றாண்டுகள் கழித்து நியூயார்க்கின் பதிவுக்கூடத்தில் உருப்பெற்றது வேறு.

இசை வரலாற்றை எழுதுவோர் இரண்டு இடைவெளிகளைக் கடந்தாக வேண்டும். ஒலித்ததற்கும் பதிவானதற்கும் இடையிலுள்ளது முதலாவது. அதை எவராலும் நிரப்ப இயலாது. பதிவானதற்கும் வெளிவந்ததற்கும் இடையிலுள்ளது இரண்டாவது; அதைக் காலம் தாழ்த்தியேனும் நிரப்பலாம். எழுபதுகளின் ஜாஸ், ஜாஸ்-ராக் இசைக்குக் கடந்த முப்பதாண்டுகளில் வெளிவந்த ஆவணக வெளியீடுகளும் மறுவெளியீடுகளும் இந்த இரண்டாம் இடைவெளியில் நிகழ்பவை. அவற்றைத் தேடிச் சேர்ப்போரைப் பொழுதுபோக்காளர்கள் என்று கல்விப்புலம் ஒதுக்கிவைப்பது வழக்கம். அவர்கள் செய்வது என்ன என்று உற்றுநோக்கினால், நமக்கு நன்கு அறிமுகமான ஒரு துறையின் முகம் அதில் தெரியும்: பதிப்பியல்.

ஹைதராபாத்துக்கும் தமிழுக்கும் இத்துறையில் ஏறத்தாழ ஒரே வயது. அரபுக் கையெழுத்துப் படிகளைத் தேடி, ஒப்புநோக்கி, அச்சிடும் நோக்குடன் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1888இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், 1887இல், உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. 1894இல் புறநானூறு வந்தது. கிடைத்த படிகளுள் எது மூலத்துக்கு நெருக்கமானது, எங்கே படியெடுத்தவர் பிழைத்தார், எங்கே ஏடு சிதைந்தது, எந்தப் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவது என்பவை பதிப்பாசிரியரின் அன்றாட வினாக்கள். இசைத்தட்டுச் சேகரிப்பாளரும் இதே வினாக்களைத்தான் கேட்கிறார். அவருக்குச் சுவடி என்பது காந்தநாடா. படி என்பது ஒவ்வொரு நாட்டிலும் அச்சான தட்டு. பாடபேதம் என்பது ஒரே பாடலின் வேறு வாசிப்பு.

மூலபாடம் எது என்ற வினாவை மைல்ஸ் டேவிஸின் 'பிட்ச்சஸ் ப்ரூ' போலச் சிக்கலாக்கிய தட்டுகள் குறைவு. 1969 ஆகஸ்டில் மூன்று நாட்களில் பதிவான இசையைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவை வெட்டியும் ஒட்டியும் தொகுத்தார். 1970இல் வெளிவந்த அத்தட்டில் நாம் கேட்கும் வரிசையில் இசைஞர்கள் ஒருபோதும் வாசிக்கவில்லை. ஆகவே 'மூலம்' என்று எதைச் சுட்டுவது? வாசிக்கப்பட்டதையா, வெட்டி ஒட்டப்பட்டதையா? 1998இல் நான்கு குறுந்தட்டுகளாக வந்த 'முழுமையான' தொகுப்பு இவ்வினாவைத் தீர்க்கவில்லை, மேலும் கூர்மையாக்கியது. பலதட நாடாக்களிலிருந்து ஒலிக்கலவை புதிதாகச் செய்யப்பட்டது. எனவே அது 1970இன் தட்டுக்கு நிகரன்று. 1969 நவம்பர் முதல் 1970 பிப்ரவரி வரையிலான பிற அமர்வுகள் அதில் சேர்ந்தன. ஆனால் ஆகஸ்ட் அமர்வுகளின் வெட்டப்படாத வாசிப்புகள் இடம்பெறவில்லை. முழுமை என்ற சொல் இங்கே ஒரு விற்பனைச் சொல். அதே வேளையில், சித்தாரும் தம்பூராவும் ஒலிக்கும் நவம்பர் அமர்வுகளின் சில பகுதிகள் அத்தொகுப்பில்தான் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தன. குறையுள்ள பதிப்பும் புதிய பாடத்தைத் தரக்கூடும் என்பது சுவடியியல் மாணவருக்குப் புதிதன்று.

மசேரோ இத்தகைய தொகுப்புகளை ஏற்கவில்லை. தேர்ந்து நீக்கியதை மீண்டும் சேர்ப்பது படைப்பைக் குலைப்பது என்பது அவர் நிலைப்பாடு. அதைப் புறந்தள்ள இயலாது. கவிஞர் அடித்துவிட்ட வரியைக் கவிதையின் பகுதியாக அச்சிடும் உரிமை பதிப்பாசிரியருக்கு உண்டா என்ற பழைய வழக்கே இது. ஆனால், ஒரு படைப்பின் இறுதிவடிவத்தை மதிப்பதும் அது உருவான வழியை ஆராய்வதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அடிக்குறிப்புக்கு உரியதை அடிக்குறிப்பிலும் பாடத்துக்கு உரியதைப் பாடத்திலும் வைக்கும் ஒழுங்கே தேவை.

சில வேளைகளில் இறுதிவடிவமே உருவாவதில்லை. ஜான் மெக்லாக்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா 1973 ஜூனில் லண்டன் ட்ரைடென்ட் பதிவுக்கூடத்தில் தன் மூன்றாவது தட்டுக்காக வாசித்தது. குழுவினரிடையே எழுந்த பூசலால் அது வெளிவரவில்லை. அதற்கு மாற்றாக, அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் வாசித்த நேரடி நிகழ்ச்சி தட்டாயிற்று. ஆண்டு முடிவதற்குள் குழுவும் கலைந்தது. ட்ரைடென்ட் நாடாக்களின் இசை 1999இல்தான் வெளிவந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக அக்குழுவின் வளர்ச்சியை எழுதியோர் இரண்டு கூடப் பதிவுகளையும் ஒரு நேரடிப் பதிவையும் கொண்டே எழுதினர். நடுவில் ஓர் ஏடு இல்லை என்பதை அறிந்திருந்தவர்களுக்கும் அந்த ஏட்டில் இருந்தது என்ன என்று தெரியாது.

பதிப்பியலில் பாடத்துக்கு இணையான மதிப்பு, சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரையும் நாளையும் கூறும் குறிப்புக்கு உண்டு. இசைத்தட்டில் அதற்கு நிகரானது உறையின் பின்புறம். 1972இல் வெளிவந்த டேவிஸின் 'ஆன் தி கார்னர்' தட்டின் முதல் உறையில் உடன்வாசித்தவர்களின் பெயர்கள் இல்லை. அது டேவிஸே எடுத்த முடிவு. அத்தட்டின் தாளக்கட்டைத் தாங்கும் தபேலாவை வாசித்தவர் கிழக்கு வங்கத்தில் பிறந்து நியூயார்க்குக்குப் படிக்கச் சென்ற பாதல் ராய். கடையில் அத்தட்டை முதலில் வாங்கியவருக்கு அவர் பெயரற்ற ஓர் ஒலி. 2007இல் ஆறு குறுந்தட்டுகளாக வந்த அமர்வுத் தொகுப்பு, எந்த நாளில் யார் எதை வாசித்தார் என்று பட்டியலிடுகிறது. மறுவெளியீட்டின் பயன் கூடுதல் நிமிடங்களில் மட்டும் இல்லை. பெயர்களை உரியவர்களிடம் சேர்ப்பதும் அதன் பணியே.

தமிழ் வாசகருக்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டிலுள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் 'சக்தி' குழு வாசித்தது. அந்நிகழ்ச்சி 1976இல் அதன் முதல் தட்டாக வெளிவந்தது. மெக்லாக்லினுடனும் ஜாகிர் ஹுசைனுடனும் அதில் வயலின் வாசித்தவர் எல். சங்கர், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். அதன்பின் 1976இலும் 1977இலும் வந்த இரண்டு தட்டுகளில் ராகவன் இல்லை. குழு நால்வராகச் சுருங்கியது. எழுபதுகளில் குழு வெளியிட்ட மூன்று தட்டுகளுள் ஐவரும் சேர்ந்து ஒலிப்பது அந்த ஒரு தட்டில் மட்டுமே. கல்லூரி நிகழ்ச்சி ஒன்றில் பதிவுக்கருவி ஓடியிராவிட்டால், சக்தியின் தோற்றத்தில் இடம்பெற்ற ஒரு தமிழக மிருதங்க மரபு அக்குழுவின் தட்டுகளில் தடமின்றி மறைந்திருக்கும்.

நாகஸ்வரத்தின் கதை இன்னும் வியப்புக்குரியது. பாஸ்டனில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோ, 1967இல் மலேசிய வானொலியின் இசைக்குழுவைப் பயிற்றுவிக்கச் சென்றபோது நாகஸ்வரத்தின்பால் ஈர்க்கப்பட்டார். பின்னர் தென்னிந்தியா வந்தும் பயின்றார். 1975 செப்டம்பரில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கில் பதிவான ஏபர்ஹார்ட் வேபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் அவர் சாக்ஸஃபோனுடன் ஷெனாயும் நாகஸ்வரமும் வாசிக்கிறார். இ.சி.எம். நிறுவனம் 2009இல் அதை வேறு இரண்டு தட்டுகளுடன் 'கலர்ஸ்' என்ற பெட்டியாக மீண்டும் வெளியிட்டது. கருவியின் பெயர் உறையில் உண்டு. அதைக் கற்பித்தவர்களின் பெயரை உறையில் பொறிக்கும் வழக்கம் இசைத்தொழிலில் இல்லை. மறுவெளியீட்டின் எல்லையும் அதுதான்: முதல் பதிவின்போது குறித்துவைக்கப்படாத ஒன்றை எவ்வளவு சிறந்த ஒலித்திருத்தமும் மீட்டுத் தராது.

ஓலைக்குக் கறையானும் ஈரமும் எதிரிகள் என்றால், நாடாவின் எதிரி அதற்குள்ளேயே இருக்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து தயாரான பல நாடாக்களில், காந்தத் துகளை நாடாவோடு பிணைக்கும் பாலியூரித்தேன் பிசின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. அந்நாடாவைக் கருவியில் ஓட்டினால் பிசுபிசுத்து நின்றுவிடும், துகளும் உதிரும். ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணிநேரம் உலர்த்தி, பிசின் தற்காலிகமாக இறுகியிருக்கும் நாட்களுக்குள் படியெடுத்துவிட வேண்டும். இயற்கையின் அழிவுக்கு மேல் மனிதர் செய்த அழிவும் உண்டு. பி.பி.சி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எத்தனையோ நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. 2008 ஜூன் 1 அன்று கலிபோர்னியாவில் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் நேர்ந்த தீவிபத்தில் இசையின் மூலநாடாக்களும் எரிந்தன என்ற செய்தியின் அளவு, 2019இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே பொதுமக்களுக்குத் தெரிந்தது.

பாதுகாத்தவர்களின் கொடையும் நினைக்கத்தக்கது. ஹாம்பர்க்கின் என்.டி.ஆர். வானொலி 1973இல் பதிவுசெய்த சாஃப்ட் மெஷின் குழுவின் நிகழ்ச்சியை, அமெரிக்காவின் க்யூனிஃபார்ம் நிறுவனம் 2010இல் வெளியிட்டது. அதே நிறுவனம் 2000இல் வெளியிட்ட 'நாய்ஸெட்' என்ற தட்டு, 1970 ஜனவரியில் லண்டனுக்கு அருகே க்ராய்டனில் நடந்த நிகழ்ச்சியைத் தருகிறது. அக்குழுவின் 'தேர்ட்' தட்டிலுள்ள 'ஃபேஸ்லிஃப்ட்' பாடலின் ஒரு பகுதி அந்நிகழ்ச்சியிலிருந்தே எடுக்கப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்கும் மாணவர், மூலத்தையும் தொகுப்பையும் ஒப்பிடும் வாய்ப்பைப் பெறுகிறார்.

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. கோவா வம்சாவளியில் பம்பாயில் பிறந்து லண்டனில் குடியேறிய கிதார் கலைஞர் அமான்சியோ டி'சில்வா 1972இல் பதிவுசெய்த 'கொங்கன் டான்ஸ்' 2006 வரை வெளிவரவில்லை, வெளிவந்ததும் பிரிட்டனில்தான். பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவின் ஒரே தட்டு, குழு கலைந்த பின் 1981இல் வந்தது. அதை 2011இல் உலகுக்கு மீண்டும் தந்தது அமெரிக்காவின் நவ்-அகெய்ன் நிறுவனம். நம் நகரங்களின் எழுபதுகளை நாம் வெளிநாட்டுப் பதிப்புரைகளின் வழியே அறிகிறோம். நல்ல பதிப்பு எங்கிருந்து வந்தாலும் வரவேற்கத்தக்கதே. ஆனால் எதைத் தேடுவது, எதை விடுவது என்ற தேர்வும் அவர்களுடையதாகிவிடுகிறது. பம்பாயில் சித்தார் ஒலிக்கும் ராக் தட்டுக்கு அயல்நாட்டுச் சந்தை உண்டு. ஒரு விடுதியில் அன்றாடம் வாசித்து ஓய்ந்த குழுவுக்கு இல்லை.

தனியார் சேகரம் ஆய்வு நிறுவனமாக வளர்ந்ததற்குத் தமிழிலேயே முன்னுதாரணம் உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, தன் வாழ்நாள் முழுதும் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் அச்சேகரம் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. பலர் குப்பை என ஒதுக்கியிருக்கக்கூடிய துண்டறிக்கை இன்று நாடக வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் சான்றாக இருக்கிறது. உறையின் பின்புறத்தைப் படித்து, தட்டின் உள்விளிம்பில் கீறப்பட்ட அச்சு எண்களைக் குறித்து, எந்தப் படி எந்த நாடாவிலிருந்து வந்தது என்று பட்டியலிடும் சேகரிப்பாளரின் குறிப்பேடும் அத்தகைய சான்றே.

இதில் ஆய்வாளர்க்கு உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. புறநானூற்றை மேற்கோள் காட்டும்போது எவர் பதிப்பு என்று குறிப்பிடாத ஆய்வேட்டை நாம் ஏற்பதில்லை. அதே ஆய்வேட்டில் இசைப்பதிவு ஒன்று சான்றாக வந்தால், இணையத்தில் கேட்டது என்ற அளவோடு நின்றுவிடுகிறோம். பதிவான நாளும் இடமும், வாசித்தவர் பெயர்கள், முதல் வெளியீட்டு ஆண்டு, கையாண்ட மறுவெளியீட்டின் ஆண்டு, அது மூலநாடாவிலிருந்து எடுக்கப்பட்டதா தட்டிலிருந்து படியெடுக்கப்பட்டதா, ஒலிக்கலவை பழையதா புதியதா: இவ்வளவும் ஒரே அடிக்குறிப்பில் அடங்கும். அந்த அடிக்குறிப்பை எழுத முற்படுபவர், அதற்கான செய்திகளுள் பெரும்பகுதியைச் சேகரிப்பாளர்கள் ஏற்கெனவே திரட்டி வைத்திருப்பதைக் காண்பார். நாடாக்களின் பிசின் சிதைந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், அவர்களை நாடிச் செல்லும் பணியை அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு விட்டுவைக்க இயலாது.