படியின் விளிம்பும் 173 உயிர்களும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், பள்ளி, மண்டபம் நிர்வகிப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் என் தம்பி மகன் கட்டும் வீட்டைப் பார்க்கப் போனேன். மாடிப்படிக்குக் கறுப்பு கிரானைட் வந்து இறங்கியிருந்தது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பாலிஷ். விளிம்பையும் உருட்டி பாலிஷ் போட்டிருந்தார்கள். "மேஸ்திரி, இதில் கால் வழுக்காதா?" என்று கேட்டேன். "டீச்சர், இப்ப எல்லாருமே இதுதான் போடுறாங்க. எடுப்பா இருக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் முன்பு ஒரு திருமண மண்டபத்தில், இதே மாதிரி பளபளக்கும் படியில் இறங்கும்போதுதான் விழுந்தேன். எல்லாப் படியும் ஒரே நிறம். தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. கணுக்காலில் ஆறு வாரம் மாவுக்கட்டு. படுத்திருந்த அந்த நாட்களில்தான் படிக்கட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

படிக்கட்டுக்குக் கணக்கு எழுதியவர்களில் முக்கியமானவர் பிரான்சுவா புளோண்டெல் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸில் 1671-இல் தொடங்கிய அரச கட்டடக்கலைக் கழகத்தின் முதல் இயக்குநர். 1675-இல் வெளிவரத் தொடங்கிய தன் பாடநூலில் ஒரு சூத்திரம் தந்தார். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வர வேண்டும். அது மனிதன் சமதரையில் எடுத்துவைக்கும் ஓர் எட்டின் நீளம். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் வீடல்லாத கட்டடங்களுக்குப் படி உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அகலம் 300-க்குக் குறையக்கூடாது. கூட்டிப் பாருங்கள்: 150 + 150 + 300 = 600. ஏறக்குறைய அதே 24 அங்குலம்! (அவர் காலத்துப் பிரெஞ்சு அங்குலம் நம்முடையதைவிடச் சற்றுப் பெரியது.) முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் கணக்கு மாறவில்லை.

ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். இறங்கும்போது நம் உடல் எடை முழுவதும் முன்பாதத்தின் வழியாகப் படியின் விளிம்பில்தான் இறங்குகிறது. விளிம்பு தெரியாவிட்டாலோ வழுக்கினாலோ பிடித்துக்கொள்ள நேரமே இருக்காது. இதற்கு உலகம் கொடுத்த விலைகளில் ஒன்று லண்டனில் நடந்தது.

1943 மார்ச் 3. இரண்டாம் உலகப் போர். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் என்னும் இடத்தில், கட்டி முடிக்காத சுரங்க ரயில் நிலையத்தை மக்கள் குண்டுவீச்சுக்குப் பதுங்கிடமாகப் பயன்படுத்தினார்கள். இரவு 8.17-க்கு அபாயச் சங்கு ஒலித்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் வரிசையாக உள்ளே இறங்கினார்கள். பத்து நிமிடத்தில் அருகிலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. மக்கள் கேட்டறியாத சத்தம். குண்டு விழுகிறது என்று நினைத்து எல்லோரும் முண்டியடித்தார்கள்.

உள்ளே போக ஒரே வாசல். 19 படிகள். மழையில் நனைந்த ஈரம். வெளிச்சத்துக்கு ஒரே ஒரு 25 வாட் பல்பு. நடுவில் கைப்பிடி இல்லை. படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடும் இல்லை. இதில் வேதனை என்ன தெரியுமா? போர்க்கால இருட்டடிப்புக்காக நாடு முழுக்கச் சாலையோரக் கல்லுக்கும் மரத்துக்கும்கூட வெள்ளை அடித்திருந்தார்கள். இந்தப் படிகளுக்கு அடிக்கவில்லை.

கீழ்ப்படிகளுக்கு அருகே ஒரு பெண் தடுக்கி விழுந்தார். அவர்மேல் இன்னொருவர். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. சில விநாடிகளில் சுமார் 300 பேர் அந்தச் சின்ன இடத்தில் சிக்கினார்கள். 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 27 ஆண்கள், 84 பெண்கள், 62 குழந்தைகள். அன்று அந்தப் பகுதியில் எதிரியின் குண்டு ஒன்றுகூட விழவில்லை.

இந்த வாசலைப் பாதுகாப்பாக மாற்ற உள்ளூர் நிர்வாகம் 1941-இலேயே மேலிடத்தில் அனுமதி கேட்டிருந்தது. கிடைக்கவில்லை. நீதிபதி லாரன்ஸ் டன் விசாரித்து எழுதிய அறிக்கையை, மக்கள் மனம் தளர்ந்துவிடும் என்று 1945 வரை வெளியிடவில்லை. கைப்பிடிகள் விபத்துக்குப் பிறகுதான் வந்தன. 2017-இல் அங்கே தலைகீழான படிக்கட்டு வடிவில் நினைவுச்சின்னம் எழுப்பி முடித்தார்கள்.

இன்றைய இங்கிலாந்து விதிப்படி, பொதுக் கட்டடங்களில் ஒவ்வொரு படி விளிம்பிலும் மேற்புறமும் முன்புறமும் 55 மில்லிமீட்டர் அகலத்துக்கு வேறு நிறப் பட்டை வேண்டும். விளிம்பு 25 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக்கூடாது. ஏறும்போது கால்விரல் தட்டும். இந்த ஒரு விபத்தால் மட்டும் வந்த விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அங்கே இல்லாமல் போனது இதுதான்.

வழுக்காத விளிம்புக்கும் ஒரு கதை உண்டு. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கல்கரியையும் கலந்து மின்சாரம் பாய்ச்சினார். வைரம் வரவில்லை, மிகக் கடினமான சிறு படிகங்கள் வந்தன. அதுதான் கார்போரண்டம், நாம் சாணைக்கல்லில் பார்ப்பது. பிற்பாடு அதே சொரசொரப்புத் துகள்கள் படி விளிம்புப் பட்டைகளிலும் இடம்பிடித்தன.

சரி, நாம் என்ன செய்யலாம்?

1. படிக்குப் பாலிஷ் கல் வேண்டாம். கல் ஏற்கெனவே வந்துவிட்டால், விளிம்பை ஒட்டி மிஷினில் இரண்டு மூன்று வரி வெட்டச் சொல்லுங்கள். அம்மியை ஏன் கொத்துகிறோம்? வழவழத்த கல்லுக்குப் பிடிப்பு இல்லை என்பதால்தானே!

2. விளிம்பு வேறு நிறத்தில் இருக்கட்டும். கறுப்புப் படிக்கு வெள்ளையோ மஞ்சளோ. முக்கியமாக முதல் படிக்கும் கடைசிப் படிக்கும்.

3. அலுமினியப் பட்டை பொருத்தினால் கல்லோடு சமமாகப் பதித்து, திருகு போட்டு இறுக்க வேண்டும். ஒட்டும் டேப் நாளானால் ஓரம் பெயரும். பெயர்ந்த டேப்பே காலைத் தடுக்கும்.

4. மழை படும் வெளிப்படிக்குச் சொரசொரப்பான பட்டைதான் சரி. வெறும் பித்தளை விளிம்பு தேயத் தேய வழுக்கும்.

5. எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். கைப்பிடியும் நல்ல விளக்கும் இல்லாவிட்டால் எந்த விளிம்பும் முழுதாகக் காப்பாற்றாது.

மேஸ்திரியிடம் இந்த லண்டன் கதையைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எங்க அம்மாவும் போன வருஷம் படியிலதான் விழுந்தாங்க டீச்சர்" என்றார். மறுநாள் தம்பி மகன் போட்டோ அனுப்பினான். ஒவ்வொரு கல்லிலும் மூன்று வரி வெட்டி, விளிம்பில் வெள்ளைப் பட்டை பதித்திருந்தார்கள். அழகு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இன்று இரவு உங்கள் வீட்டு மாடிப்படியின் மேலே நின்று, ஒரே ஒரு விளக்கைப் போட்டுக் கீழே பாருங்கள். ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரிகிறதா? தெரியாவிட்டால் நாளைக்கே ஒரு சின்ன டப்பா பெயிண்ட் வாங்குங்கள். வயதானவர்கள் உள்ள வீடுகளுக்கு இதைப் பகிருங்கள்.