மிதிவண்டி ஓட்டுவோருக்கு உடற்பயிற்சிக்கூடத்தில் தசைவலுப் பயிற்சி

இளமையில் பனியன் கம்பெனிக்கு மிதிவண்டியிலேயே சென்று வந்து, பின்னர் மோட்டார் வாகனத்திற்கு மாறி, சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ கண்டறியப்பட்ட பிறகு மீண்டும் மிதிவண்டியை எடுத்தவர்கள் திருப்பூர் வட்டாரத்தில் உண்டு. ஞாயிறு காலையில் நஞ்சராயன் குளம் வரையிலோ அவிநாசி வரையிலோ ஓட்டித் திரும்பும் இவர்களுக்கும், இவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் இப்பக்கம் உரியது.

மிதிவண்டி ஓட்டுவது மட்டும் போதாதா?

இதயத்திற்கும் நுரையீரலுக்கும் அது மிக நல்ல பயிற்சி. ஆனால் உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு பகுதிகளைக் கொண்டது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு என்பது முதலாவது. வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் உடலின் பெருந்தசைகள் அனைத்திற்கும் வலுவூட்டும் பயிற்சி என்பது இரண்டாவது. மிதிவண்டி முதலாவதை நிறைவு செய்கிறது, இரண்டாவதைச் செய்வதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. மிதிக்கும்போது உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கையே தாங்குகிறது. எனவே எலும்புகள் உறுதிபெறத் தேவையான சுமை அவற்றின்மீது விழுவதில்லை. பல ஆண்டுகள் மிதிவண்டி மட்டுமே ஓட்டிய வீரர்களிடத்தும், குறிப்பாகக் கீழ் முதுகெலும்பில், எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. மாதவிடாய் நின்ற பெண்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றொரு பயனும் உள்ளது. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸின் பெரும்பங்கைத் தசைகளே எடுத்துக்கொள்கின்றன.

ஓட்டும் திறனும் கூடுகிறது. நார்வே நாட்டில் நன்கு பயிற்சி பெற்ற மிதிவண்டி வீரர்களிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், கடின எடைப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் மூன்று மணி நேரத்திற்கும் மேல் மிதித்த பின்னரும் இறுதி ஐந்து நிமிடங்களில் முன்னிலும் வேகமாக ஓட்டினர். பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு அவ்வளவு கடினம் தேவையில்லை. எனினும் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்றை எதிர்த்துப் பல்லடம் சாலையில் மிதித்தவர்கள் கால் வலுவின் அருமையை அறிவர்.

தையல் இயந்திரமும் மிதிவண்டி இருக்கையும்

ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களில் பணிபுரிபவர் நாள் முழுவதும் இடுப்பு மடங்கி, முதுகு வளைந்து, கழுத்து குனிந்து அமர்ந்திருக்கிறார். மிதிவண்டியில் ஏறினாலும் ஏறத்தாழ அதே நிலைதான். ஆகவே இடுப்பின் முன்புறத் தசைகள் இறுகுகின்றன. புட்டத் தசைகளும் முதுகுத் தசைகளும் வலுவிழக்கின்றன. இடுப்பு வலி, தோள் வலி, முழங்கால் முன்புற வலி ஆகியவற்றுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவுடன் பலர் நெஞ்சுக்கும் புயத்துக்குமே பயிற்சி செய்கின்றனர். தையல் பணியாளருக்கு அது நேர் எதிரான தேர்வு. முன்னுரிமை உடலின் பின்புறத்திற்கே அளிக்கப்பட வேண்டும்.

தொடக்கத்தில் நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வதே போதுமானது. இது எளிதானபின் நம் ஊர்களில் பஸ்கி என அழைக்கப்படும் ஸ்குவாட் பயிற்சியை டம்பெல் ஏந்திச் செய்யலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மேலுயர்த்துவது புட்டத் தசைகளுக்கு உகந்தது. இடுப்பிலிருந்து மட்டும் குனிந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட் மிகுந்த பயனுடையது. ஆயினும் தவறாகச் செய்தால் முதுகைப் பாதிக்கும் என்பதால், பயிற்றுநர் அருகிலிருந்து கற்றுத்தந்த பின்னரே எடை சேர்க்க வேண்டும். கேபிள் கருவியை வயிற்றை நோக்கி இழுப்பது தோள்பட்டைக்கும் மேல்முதுகிற்கும் உதவும். முன்கைகளை ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க், குதிகாலை உயர்த்தி இறக்குதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் நான்கு வாரங்களில், 15 முறை தூக்க இயலும் எடையைத் தேர்ந்து 10 முறையோடு நிறுத்தவும். ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு செட் போதும். பின்னர் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இரு பயிற்சி நாட்களுக்கு இடையே 48 மணி நேர ஓய்வு தேவை. ஞாயிறு மிதிவண்டி ஓட்டுபவருக்குச் செவ்வாயும் வெள்ளியும் பொருந்தும். இரவு ஷிஃப்ட் முடித்து உறங்காமல் நேரே பயிற்சிக்குச் செல்லுதல் கூடாது.

முழங்கால் வலி இருப்பவர்கள் பயிற்சியைக் குறைகூறுமுன் இருக்கையின் உயரத்தைச் சரிபார்க்கவும். இருக்கையில் அமர்ந்து குதிகாலை மிதிப்பானின் மீது வைத்தால், அது கீழே இருக்கும் நிலையில் கால் நேராக நீள வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறமும், மிக உயர்ந்திருந்தால் பின்புறமும் வலிக்கும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

இரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருப்பின், அது கட்டுக்குள் வரும்வரை எடை தூக்கக் கூடாது. மற்றவர்களும் மூச்சை அடக்கித் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். அப்போது இரத்த அழுத்தம் சட்டென மிக உயரும். தூக்கும்போது மூச்சை வெளிவிட்டு, இறக்கும்போது உள்ளிழுக்கவும். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை மட்டுப்படுத்துவதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பயிற்சியின்போது சிறு வாக்கியங்களைப் பேச முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பார்க்கவும். 90-க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ பிஸ்கட்டோ உண்டு, அளவு உயர்ந்ததைப் பார்த்த பின் தொடங்கவும். தாழ்சர்க்கரை அன்றிரவு உறக்கத்திலும் ஏற்படலாம். அளவுக்கு மீறிய வியர்வையோ உளறலோ காணப்பட்டால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருக்கட்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரின் ஒப்புதலின்றி எடை தூக்கலாகாது. குடலிறக்கம் உள்ளவர்களும் முதலில் மருத்துவரை அணுகவும்.

முதல் நாளிலேயே நண்பர்களோடு போட்டியிட்டு நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுப்பது ஆபத்தானது. தசைகள் சிதைந்து, அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கக்கூடும். கடும் தசைவலியும் வீக்கமும் தோன்றி, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் வெளியேறினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சாதாரணத் தசைவலி இரண்டு மூன்று நாட்களில் தானே அடங்கும். அதற்காக மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து உண்பது இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்திற்கும் கேடு.

புரதத்திற்கு விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் அவசியமில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். கொள்ளு, பாசிப்பயறு, நிலக்கடலை, முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே இதனைப் பெறலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம், ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி 108-ஐ அழைக்கவும். பயிற்சி தொடங்குமுன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டிற்கு வரும்போது, தாங்கள் எடை தூக்கும் பயிற்சி செய்வதையும் அவர்களிடம் தெரிவிக்கவும். பிற ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.